டி டிரைவைக் காணோம்: பழைய கணினியில் தொலைந்த பார்ட்டிஷனை மீட்க எந்த வழி?

அச்சகம் நடத்திய நண்பர் ஒருவர், பரணில் கிடந்த பழைய பென்டியம் கணினியை இறக்கித் துடைத்து ஆன் செய்தார். 1997-ல் டிடிபி வேலைக்காக வாங்கியது. விண்டோஸ் 95, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, அவ்வளவுதான் அதன் உலகம். பல வருடம் மின்சாரமே காணாத இயந்திரம், நல்லவேளையாகப் புகை விடாமல் எழுந்தது. ஆனால் சிமாஸ் செக்சம் பிழை என்று சொல்லி நின்றுகொண்டது. பேட்டரி தாங்கிவைத்த அமைப்புகள் கலைந்துவிட்டன என்று பொருள். கூட இருந்தவர் செட்டப்புக்குள் போய் எதையோ மாற்றிச் சேமித்தார். அதன் பிறகு விண்டோஸ் கிளம்புவதுபோல் கிளம்பி உறைந்துபோனது. ஃப்ளாப்பியிலிருந்து டாஸ் ஏற்றிப் பார்த்தால் சி டிரைவின் முதல் பட்டியல் மட்டும் தெரிந்தது. எந்த ஃபோல்டருக்குள் நுழைந்தாலும் குப்பை. டி டிரைவைக் காணவே காணோம். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த டி-யில்தான் இருந்தது.

பெட்டி என்னிடம் வருவதற்குள் மூன்று பேர் மூன்று யோசனை சொல்லிவிட்டார்கள். எஃப்டிஸ்க் /எம்பிஆர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் மாட்டு என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுத்துவிடு, கையை வைக்காதே என்றார். மூன்றுமே சில இடங்களில் சரியான யோசனைதான். இந்தப் பெட்டிக்கு முதல் வேலையாக மூன்றுமே தப்பு.

இந்த வழிகளோடு எனக்குத் தெரிந்த வேறு சில வழிகளையும் சேர்த்து இங்கே ஒப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். அந்த வழி ஹார்ட் டிஸ்கில் எதையாவது எழுதுகிறதா? எழுதினால் எங்கே? எழுதியதைப் பழையபடி ஆக்க முடியுமா? வேகம், வசதி, செலவு எல்லாம் இதற்குப் பிறகு.

நிலமும் பட்டாவும்

முதலில், காணாமல் போவது எது என்று பார்த்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் செக்டார் என்ற சின்னத் துண்டுகளால் ஆனது. அதன் முதல் செக்டார் 512 பைட். அதில் முதல் 446 பைட் கணினியைக் கிளப்பும் சின்ன நிரல். அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது டிஸ்கை சி, டி என்று பிரித்த பகுதிகளின் பட்டியல்: நான்கு வரிகள், வரிக்கு 16 பைட். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்று ஒரு முத்திரை. ஒவ்வொரு வரியும் ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன வகை, மொத்தம் எத்தனை செக்டார் என்று மட்டும் சொல்கிறது. 600 மெகாபைட் நிலத்துக்கு 16 பைட்டில் ஒரு பட்டா.

பட்டா தொலைந்தால் நிலம் எங்கும் ஓடிவிடாது. சர்வே கல் வேறு ஊன்றியிருக்கும். ஃபேட் (டாஸும் விண்டோஸ் 95-ம் கோப்புகளை அடுக்கும் முறை) வகைப் பார்ட்டிஷன் ஒவ்வொன்றின் முதல் செக்டாரான பூட் செக்டாரிலும், அதற்கு முன்னால் எத்தனை செக்டார் இருக்கின்றன, பார்ட்டிஷனின் மொத்த அளவு என்ன, வடிவமைத்த நேரத்தில் எத்தனை தலை, ஒரு தடத்துக்கு எத்தனை செக்டார் என்று கணக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். டி டிரைவ் போன்றவை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருப்பவை. அங்கே ஒவ்வொரு டிரைவுக்கும் முன்னால் தனியாக ஒரு சிறு அட்டவணை உண்டு. அது அடுத்ததைக் காட்டும், அடுத்தது அதற்கடுத்ததை. ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல. முதல் செக்டார் முழுக்க அழிந்தாலும் இந்தச் சங்கிலி அப்படியே இருக்கும். பார்ட்டிஷன் மீட்புக் கருவிகள் எல்லாமே இந்தக் கல்லைத் தேடித்தான் போகின்றன.

பழைய கணினிகளில் இதோடு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஒரு செக்டாரை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, 0-லிருந்து வரிசை எண். மற்றது சிலிண்டர் (எந்தத் தடம்), தலை (தட்டின் எந்தப் பக்கம்), செக்டார் (அந்தத் தடத்தில் எத்தனையாவது துண்டு) என்று மூன்று எண்கள். கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயாஸ், டாஸ் காலத்தில் இரண்டாவது முறையைப் பேசியது, அதிலும் 1024 சிலிண்டர் வரைதான் அதற்கு எண்ணத் தெரியும். ஐடிஇ (அக்காலத்து ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) டிரைவோ 16 தலைக்கு மேல் ஏற்காது. இரண்டு எல்லைகளும் சேர்ந்து 1024 × 16 × 63 செக்டார், அதாவது 528 மில்லியன் பைட்டில் வந்து முட்டின. அதற்குப் பெரிய டிரைவ்கள் சந்தைக்கு வந்ததும், சிலிண்டரைக் குறைத்துத் தலையைக் கூட்டிக் காட்டும் மொழிபெயர்ப்பு வேலையைப் பயாஸ் செய்யத் தொடங்கியது. செட்டப்பில் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று இருப்பது இதுதான். நார்மல் என்றால் மொழிபெயர்ப்பு இல்லை.

நண்பரின் டிரைவ் லேபிளில் 2484 சிலிண்டர், 16 தலை, 63 செக்டார் என்று இருந்தது. 1.28 ஜிபி. எல்பிஏ முறையில் அதே டிரைவ் பயாஸுக்கு 621 சிலிண்டர், 64 தலை, 63 செக்டார். பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் விடை 25,03,872 செக்டார்தான். சிமாஸ் பேட்டரி செத்துப்போய், யாரோ செட்டப்பில் நார்மல் என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? டி டிரைவ் 310-வது சிலிண்டரில் தொடங்குகிறது என்று பட்டா சொல்கிறது. 64 தலைக் கணக்கில் அது 12,49,920-வது செக்டார். 16 தலைக் கணக்கில் 3,12,480-வது செக்டார். அங்கே போய்ப் பார்த்தால் சி டிரைவின் ஏதோ ஒரு கோப்பின் நடுப்பகுதி இருக்கும். டி-யைக் காணோம் என்று டாஸ் சொல்லத்தானே செய்யும்.

சி டிரைவ் மட்டும் பாதி தெரிந்ததற்கும் இதுவே காரணம். முதல் 1008 செக்டார் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். முதல் பட்டியல் அந்த எல்லைக்குள் இருந்தது, தெரிந்தது. எல்லை தாண்டியதும் குப்பை.

ஆக, எதுவும் தொலையவில்லை. கணினிதான் தப்பாகப் படிக்கிறது. பழைய கணினியில் பார்ட்டிஷன் தொலைந்தது என்று யார் வந்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, பேட்டரி எப்போது செத்தது என்பதே.

பயாஸைத் திருத்துவது

எனவே முதல் வழி, செட்டப்புக்குள் போய் ஹார்ட் டிஸ்க் அமைப்பைப் பழையபடி வைப்பது. டிஸ்கில் ஒரு பைட்கூட எழுதாத வழி. காசும் இல்லை, புதிய பேட்டரி ஒன்றைத் தவிர. மதர்போர்டு பலகையில் பேட்டரி நாணய வடிவில் இருந்தால் மாற்றுவது எளிது. பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் அது கசிந்து பக்கத்துத் தடங்களை அரித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டல்லஸ் கடிகாரச் சில்லுக்குள்ளேயே பேட்டரி புதைந்திருக்கும் பலகைகளும் உண்டு; அதற்குச் சில்லையே மாற்ற வேண்டும்.

பழைய அமைப்பு என்னவாக இருந்தது என்று எப்படித் தெரியும்? அது டிஸ்கிலேயே எழுதியிருக்கிறது. பார்ட்டிஷன் வரியில் முடிவுத் தலை எண்ணைப் பாருங்கள். 63 என்று இருந்தால் 64 தலைக் கணக்கு. 15 என்றால் 16. 254 என்றால் 255. ஃபேட் பூட் செக்டாரில் இருக்கும் தலை எண்ணிக்கையும் இதே சாட்சியைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வழியில் பொறி எங்கே என்றால், திருத்துவதற்கு முன்னால் நடப்பதில். தப்பான கணக்கில் விண்டோஸ் 95 கொஞ்ச தூரம் ஏறினாலே எங்காவது எழுத வாய்ப்பு உண்டு. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான ஸ்கேன்டிஸ்க் ஓடினால் கதை முடிந்தது. குப்பையாகத் தெரியும் ஃபோல்டர்களை அது அக்கறையாகச் 'சரிசெய்து' வைக்கும். ஆகவே அமைப்பு சந்தேகமாக இருக்கும்போது ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் செய்யவே கூடாது. எழுத்துத் தடுப்புப் போட்ட ஃப்ளாப்பியிலிருந்துதான்.

நண்பரின் பெட்டிக்கு இந்த வழியே போதுமானதாக இருந்திருக்கும். எத்தனை முறை தப்பான கணக்கில் கிளம்ப விட்டார்கள் என்று அவருக்கே நினைவில்லை என்பதால், அதை உடனே செய்ய எனக்குத் துணிவில்லை.

எஃப்டிஸ்க் /எம்பிஆர்

டாஸ் 5.0 காலத்திலிருந்து வழங்கும் இந்தக் கட்டளைக்கு ஒரு மந்திரப் புகழ் உண்டு. அது செய்வது முதல் 446 பைட் நிரலைப் புதிதாக எழுதுவது, அட்டவணையைத் தொடாது. பட்டாவே தொலைந்திருக்கும்போது பட்டா வைத்த பெட்டியின் பூட்டை மாற்றி என்ன பயன்? அதோடு, செக்டாரின் கடைசியில் 55, ஏஏ முத்திரை இல்லாமல் போயிருந்தால், இருக்கிற அட்டவணையையும் அது வெறுமையாக்கிவிடக்கூடும்.

இதைவிட மோசமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 90களின் மங்க்கி வைரஸ் உண்மையான முதல் செக்டாரைக் குழப்பி எழுதி வேறோர் இடத்தில் ஒளித்துவைக்கும். சுத்தமான ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்தால் சி டிரைவே இல்லை என்று வரும். வைரஸ் தாங்கிய டிஸ்கிலிருந்தே பூட் செய்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்த நிலையில் இந்தக் கட்டளையைக் கொடுப்பது, சாவி வைத்திருந்த திருடனை விரட்டிவிட்டுக் கதவு முன்னால் நிற்பதற்குச் சமம்.

எனவே முதல் செக்டாரின் நகல் கையில் இருந்து, நிரல் பகுதி மட்டும் கெட்டது என்று உறுதியானால் இந்தக் கட்டளை நல்ல கருவி. மற்றபடி வேண்டாம். பார்ட்டிஷன் போடும் டாஸ் கருவியான எஃப்டிஸ்கில் நுழைந்து பழைய அளவிலேயே பார்ட்டிஷனைத் திரும்ப உருவாக்கு என்று சொல்பவர்களும் உண்டு. அது அட்டவணையோடு நிற்காமல் புதிய பார்ட்டிஷனின் பூட் செக்டாரையும் மேலெழுதிவிடும். சர்வே கல்லையே பிடுங்கும் வேலை அது.

அந்தக் காலத்துக் கருவிகள்

பழைய நோய்க்குப் பழைய வைத்தியம் என்று மனம் போவது இயல்பு. டாஸ் 5.0-ல் மிரர் என்று ஒரு கட்டளை இருந்தது. பார்ட்டிஷன் அட்டவணையை ஃப்ளாப்பியில் சேமித்து வைக்கும். அன்ஃபார்மட் அதைத் திரும்ப எழுதும். யாராவது புத்திசாலி அன்றே அந்த ஃப்ளாப்பியை எழுதிவைத்து, அதுவும் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. எனக்கு அப்படிப்பட்ட ஃப்ளாப்பி இதுவரை யாரிடமும் கிடைத்ததில்லை.

நார்ட்டன் டிஸ்க் டாக்டர் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து அட்டவணையில் எழுதித்தரும். ஆனால் பயாஸ் காட்டும் வடிவக் கணக்கிலேயே (சிலிண்டர், தலை, செக்டார் எண்ணிக்கை) தேடும். கணக்கு தப்பென்றால் தேடலும் தப்பு. விண்டோஸ் 95-க்கு முந்தைய பதிப்பு என்றால் நீளமான கோப்புப் பெயர்களையும் சிதைத்துவிடும். எதுவானாலும் அசல் டிஸ்கில்தான் எழுதும்.

அதே தொகுப்பில் இருந்த டிஸ்க் எடிட் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து முதல் செக்டாரை அட்டவணையாகப் பார்க்கலாம், பூட் செக்டாரைப் பிரித்துப் பார்க்கலாம், ஒவ்வொரு ரயில் பெட்டியாகத் தாவலாம். மேலே சொன்ன தலை எண்ணைச் சரிபார்க்க நான் பயன்படுத்தியது இதைத்தான். மீட்புக்கு வேண்டாம், பரிசோதனைக்கு இன்றும் அழகான கருவி.

கழற்றி வேறு கணினியில் மாட்டுவது

இப்போது பலரும் போகும் வழி இது. இறுதியில் நான் தேர்ந்தெடுத்ததும் இதன் ஒரு வகையைத்தான். ஆனால் எந்தக் கணினியில், எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யூஎஸ்பி மாற்றி மலிவு, சுலபம். ஆனால் பெரும்பாலான மாற்றிகளுக்கு எல்பிஏ மொழி, அதாவது வரிசை எண் முறை, மட்டும்தான் தெரியும். 500 எம்பிக்குக் குறைந்த ஆரம்பகால ஐடிஇ டிரைவ்கள் பலவற்றுக்கு அந்த மொழியே தெரியாது. மாட்டினால் டிரைவ் சுழலும், விளக்கு எரியும், கணினி எதையும் காட்டாது. டிரைவ் செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பலகையிலேயே ஐடிஇ இணைப்பு உள்ள பென்டியம் 3 அல்லது 4 காலத்துக் கணினி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் பழைய பலகை தேடினால் கிடைக்கும்.

இரண்டாவது, விண்டோஸ் லேப்டாப். மாட்டியதும் 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும். பதற்றத்தில் ஆம் என்று அழுத்தியவர்களை நான் அறிவேன். கேட்காமலே சில இடங்களில் எழுதவும் செய்யும்: முதல் செக்டாரில் அடையாள எண், ஃபேட் டிரைவில் தனக்கென்று ஒரு மறைவான ஃபோல்டர். எனவே டிஸ்கைத் தானாகத் திறந்துகொள்ளும் (மவுன்ட்) வசதியை நிறுத்திவைத்த லினக்ஸே இதற்கு ஏற்றது.

மாட்டியதும் செய்யும் முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக இமேஜ் எடுப்பது. குனு டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ளது. முதல் சுற்றில் நன்றாகப் படிக்க வருவதை எல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். தகராறு செய்யும் செக்டார்களைக் குறித்துவைத்து அப்புறம் போராடும். எங்கே விட்டோம் என்று தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1.28 ஜிபி என்பது இன்று பென்டிரைவின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும் அளவு. நொடிக்கு 2 எம்பி வேகத்தில் வந்தாலும் பத்துப் பதினொரு நிமிட வேலை. பழைய டிரைவில் இமேஜ் எடுக்காமல் நேராக வேலை செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. 4 டிபி டிரைவ் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை, நமக்கு இருக்கிறது.

இமேஜ் கைக்கு வந்தபின் அசலை ஆன்டி ஸ்டேடிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். இனிமேல் என்ன தப்பு செய்தாலும் நகலில்தான்.

நகலில் என்ன செய்வது: டெஸ்ட்டிஸ்கா, கையாலா, ஃபோட்டோரெக்கா

டெஸ்ட்டிஸ்க் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். இமேஜ் கோப்பைக் கொடுத்தால் செக்டார் செக்டாராகச் சர்வே கற்களைத் தேடி, இங்கே ஒரு ஃபேட்16, அங்கே ஒன்று என்று பட்டியல் தரும். எதையும் எழுதாமலே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம்; கோப்புப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் கண்டுபிடிப்பு சரி, அங்கிருந்தே வெளியே நகலெடுக்கலாம். கோப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு வேலை அங்கேயே முடிந்தது.

பழைய டிஸ்க் இமேஜில் இது இடறும் இடம் ஒன்று உண்டு. இமேஜ் கோப்புக்கு வடிவக் கணக்கு எதுவும் கிடையாது என்பதால் 255 தலை என்று அதுவாக ஊகித்துக்கொள்ளலாம். அப்போது ஃபேட் சொல்வதும் டிஸ்க் சொல்வதும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். அதை அலட்சியப்படுத்தி எழுதச் சொன்னால், வரிசை எண் சரியாகவும் சிலிண்டர், தலை எண்கள் தப்பாகவும் உள்ள அட்டவணை கிடைக்கும். லினக்ஸும் இன்றைய விண்டோஸும் வரிசை எண்ணையே படிப்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். பழைய பெட்டியில் திரும்ப மாட்டினால் டாஸ் முழிக்கும். அதன் ஜியாமெட்ரி (வடிவக் கணக்கு) பட்டியலில் 621, 64, 63 என்று முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

கையால் அட்டவணை எழுதுவது என்றால் ஹெக்ஸ் எடிட்டரில் அந்த 16 பைட்டை நாமே நிரப்புவது. கேட்க மிரட்டலாக இருக்கும், ஆனால் இரண்டு பார்ட்டிஷன் உள்ள டிஸ்குக்கு அரைமணி நேர வேலைதான். தேவையான எண்கள் எல்லாம் பூட் செக்டாரிலேயே இருக்கின்றன. கருவி ஊகிக்கத் தவறும் விசித்திர டிஸ்க்குகளுக்கு இதுதான் வழி. அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர், ஈஸி டிரைவ் போன்றவை. பெரிய டிரைவைப் பயாஸ் அறியாத காலத்தில், டிரைவோடு இலவசமாகக் கொடுத்த மென்பொருள்கள் இவை. முதல் செக்டாரில் தாங்கள் உட்கார்ந்துகொண்டு, பயாஸுக்கும் டாஸுக்கும் நடுவே மொழிபெயர்த்தன. டிஸ்க் மேனேஜர் போட்ட டிஸ்கில் உண்மையான அட்டவணை 63 செக்டார் தள்ளி இருக்கும். ஈஸி டிரைவ் என்றால் ஒரு செக்டார் தள்ளி. வேறு கணினியில் மாட்டினால் ஹெக்ஸ் எண்ணில் 54 அல்லது 55 என்ற வகையில் ஒரே ஒரு பார்ட்டிஷன் தெரியும், உள்ளே ஒன்றும் புரியாது. இதிலும் எதுவும் தொலையவில்லை. டிஸ்க் மேனேஜர் போட்டது என்றால், இமேஜின் தலைப்பகுதியில் 63 செக்டாரை வெட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே உண்மையான டிஸ்க் உட்கார்ந்திருக்கும். இதே டிஸ்கில்தான் யாராவது எஃப்டிஸ்க் /எம்பிஆர் கொடுத்து அந்த மென்பொருளை அழித்துவிடுவார்கள்.

டிரைவ்ஸ்பேஸும் இந்தக் குடும்பம்தான். டிஸ்கைச் சுருக்கி வைத்திருந்தால் டிரைவ் முழுவதும் மறைவான ஒரே கோப்புக்குள் இருக்கும். பார்ட்டிஷனைத் தேட வேண்டாம், அந்தக் கோப்பைத் தேடினால் போதும்.

ஃபோட்டோரெக் டெஸ்ட்டிஸ்கோடு சேர்ந்தே வருகிறது. பார்ட்டிஷன், ஃபோல்டர் எதையும் கண்டுகொள்ளாமல், கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுக்கும். பெயர் போய்விடும், ஃபோல்டர் போய்விடும், துண்டு துண்டாகச் சிதறியிருந்த கோப்பு அரைகுறையாக வரும். ஃபேட் அட்டவணைகளே மேலெழுதப்பட்டுவிட்டன என்றால் மட்டுமே இதற்குப் போக வேண்டும்.

தமிழ் டிடிபி டிஸ்கில் இந்த வழிக்குப் போனவர்கள் இன்னொரு இடத்திலும் ஏமாறுவார்கள். மீண்ட கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும். கெட்டுப்போன கோப்பு என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அது பாமினியில் அடித்த நல்ல தமிழாக இருக்கலாம்; எழுத்துரு இல்லாததால் அப்படித் தெரிகிறது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். சிறிய எழுத்தில் இந்த ஐந்தையும் வரிசையாக இமேஜ் முழுக்கத் தேடினால், அந்த எழுத்துருவில் அடித்த தமிழ் உரை எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் டி டிரைவ் உயிரோடு இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டது இப்படித்தான், பார்ட்டிஷனைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே.

நிறுவனத்திடம் கொடுப்பது

டிரைவ் டக் டக் என்று அடித்தாலோ, சுழலவே மறுத்தாலோ, மேலே சொன்ன எதையும் செய்யாமல் நிறுத்திவிட வேண்டும். சில பழைய குவாண்டம் டிரைவ்களில் தலையைத் தாங்கும் ரப்பர் உருகிப் பசையாகி, தலை ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்து தள்ளிவிட்டு மீட்டவர்கள் இருக்கிறார்கள். திறந்ததோடு முடிந்துபோன டிரைவ்களும் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஈடு செய்ய முடியாதது என்றால் தூசியில்லா அறை உள்ள இடத்துக்கே கொடுங்கள். தர்க்கப் பிழைக்கு, அதாவது நம் நண்பரின் பிழை போன்றதற்கு, அவர்களும் இமேஜ் எடுத்து இதே கல்லைத்தான் தேடுவார்கள். கொடுப்பதானால் என்ன வடிவக் கணக்கு, எந்த இயங்குதளம் என்று எழுதிக் கொடுங்கள்.

80களின் இயந்திரம் என்றால் கணக்கே வேறு. சீகேட் எஸ்டி-225 போன்ற, ஐடிஇ-க்கு முந்தைய எம்எஃப்எம் வகை டிரைவ் 615 சிலிண்டர், 4 தலை, 17 செக்டார், 21 மில்லியன் பைட். இதை எந்தப் புதுக் கணினியிலும் மாட்ட முடியாது. எழுதிய கன்ட்ரோலர் அட்டையோடு சேர்த்தே ஒரு டிஸ்க் என்று நினைக்க வேண்டும். அட்டை மாறினால் படிக்க வராமல் போகலாம். அங்கே அசல் கணினியிலேயே படித்து சீரியல் கேபிள் வழியாக வெளியே அனுப்புவது, அல்லது பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகை வைத்து ஆர்வலர்கள் செய்திருக்கும் எம்எஃப்எம் படிப்பான் என்று இரண்டே வழிகள். கன்ட்ரோலர் நலமாக இருந்தால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

நாங்கள் செய்தது

பென்டியம் 4 பலகையில் மாட்டி இமேஜ் எடுத்தோம். படிக்க முடியாத செக்டார் ஒன்றும் இல்லை. இமேஜை 64 தலைக் கணக்கில் திறந்ததும் டெஸ்ட்டிஸ்க் இரண்டு பார்ட்டிஷனையும் காட்டியது. டி சுத்தமாக இருந்தது. சி-யில் மட்டும் தப்பான கணக்கில் கிளம்பிய காலத்தில் எதுவோ எழுதப்பட்டு, சில விண்டோஸ் கோப்புகள் கெட்டிருந்தன. பயாஸை மட்டும் திருத்தி அப்படியே ஓடவிட்டிருந்தால் ஸ்கேன்டிஸ்க் அங்கே ஆரம்பித்து எங்கே போய் நின்றிருக்குமோ.

நண்பருக்குக் கோப்புகள் கிடைத்தது போதவில்லை. இயந்திரமும் பழையபடி ஓட வேண்டும், ஆனால் அந்த டிரைவை இனி நம்ப மாட்டேன் என்றார். சரி என்று காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் இமேஜை எழுதி, ஐடிஇ மாற்றியில் செருகினோம். அவர் ஆசையாக 4 ஜிபி கார்டு வாங்கி வந்திருந்தார். பயாஸ் தானாகக் கண்டுபிடித்தது, எல்பிஏ என்றது, கிளம்பியது, உறைந்தது. ஃப்ளாப்பியிலிருந்து பார்த்தால் சி-யின் முதல் பட்டியல் தெரிகிறது, ஃபோல்டருக்குள் குப்பை, டி-யைக் காணோம். அப்படியே பழைய காட்சி.

காரணம் தெரிந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். எல்பிஏ மொழிபெயர்ப்பில் தலை எண்ணிக்கை கொள்ளளவைப் பொறுத்தது. ஏறக்குறைய 1.06 ஜிபியிலிருந்து 2.11 ஜிபி வரை 64 தலை. அதற்கு மேல் 4.2 ஜிபி வரை 128. கார்டு பெரிதானதால் கணக்கும் மாறிவிட்டது, இமேஜோ இன்னமும் 64 என்றே சத்தியம் செய்கிறது. மறுநாள் 2 ஜிபி கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதினோம். பயாஸ் திரையில் தலை 64 என்று வந்ததும் நண்பர் இன்னும் எதுவும் கிளம்பாத முன்பே கையைத் தட்டினார். ஒரு நிமிடம் கழித்து டி டிரைவ் திறந்தது.